பாகம் நான்கில் பாஸ்கல் இல்லை

இந்தக் கண்டக்டர் குரலைக் கவனித்தீர்களா அண்ணாச்சி? பாதி மூக்கிலிருந்து வருகிறது, பாதி தொண்டையிலிருந்து. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, பின்னாடி பூராம் காலியாத்தான கெடக்கு." இப்போது சொன்னது அவர் இல்லை. நான். அங்கே பாருங்க, அந்தப் பச்சைச் சேலை அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார்கள். கண்டக்டர் முழிக்கிறார்.

சும்மா ஒரு இதுக்குத்தான். ஒரு குரலைக் கேட்டுவிட்டால் அது நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே விடாமல் இருக்க முடியாது. எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் பேசி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பங்குச்சாமியார் குரலில், மாதா கோயிலில் மணி அடிக்கிறவருக்குப் போன் போட்டு, பூசை நேரத்தில் வாசலில் கிடந்த செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்க வைத்திருக்கிறேன். அடுக்கினார் அண்ணாச்சி, பெரிசு தனி, சிறிசு தனியாக. ஊரே சிரித்தது. அப்போது சிரித்த ஊர்தான் இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறது. இத்தனைக்கும் தப்பு என் பேரில் இல்லை. பூராத் தப்பும் ஒரு கேம் கம்பெனி பேரில்.

திருநெல்வேலிக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? அப்போ நேரம் இருக்கிறது. கேளுங்க.

பெப்பிள் டவுன் என்று ஒரு கேம். அதில் சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது, ஜெயிக்கிறது தோற்கிறது எதுவும் கிடையாது. ஒரு ஊர். அந்த ஊரில் நமக்கு ஒரு வீடு. வீட்டுக்கு வேண்டிய ஆள்களை நாமே செய்துகொள்ள வேண்டும், மூக்கு இப்படி, மீசை அப்படி, நடை இப்படி என்று. செய்து விட்டுவிட்டால் அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். காலையில் எழுந்து பல் தேய்ப்பார்கள், வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் வந்து சாப்பிடுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், கல்யாணம் கட்டுவார்கள், வயசாகும், செத்துப்போவார்கள். அவ்வளவுதான் கேம். எங்க அப்பா கேட்பார், "இதத்தான் வீட்டுலயே பாக்கலாமேல, இதுக்கு எதுக்குல கரண்ட செலவழிக்க?" என்று. பார்க்கலாம்தான். ஆனால் எல்லா வீட்டிலும் பார்க்க முடியாது இல்லையா? டெல்வின் வீட்டில் முடியாது.

டெல்வின் என் வகுப்பு. ஒரே தெரு. அவன் அப்பா பாஸ்கல் மாமா சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. வந்தால் ஒரு மாசம் இருப்பார், தெரு முழுக்க வெளிநாட்டு சோப்பு வாசனை அடிக்கும், பிறகு போய்விடுவார். அதனால் டெல்வின் முதல் பாகத்திலேயே அப்பாவைச் செய்துவிட்டான். நல்லா செய்தான் அண்ணாச்சி, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கேமில் கைலி கிடையாது, கோட்டும் சூட்டும்தான். இவன் உட்கார்ந்து கைலியைத் தானே வரைந்து உள்ளே ஏற்றினான், நீலக் கட்டம் போட்டது. முதல் பாகத்து ஆளை இரண்டாம் பாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், இரண்டிலிருந்து மூன்றுக்கும் போகலாம். அதுதான் அந்தக் கேமுக்கு இருந்த பேரே. மூன்றாம் பாகத்துக்கு வரும்போது பாஸ்கலுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. டெல்வின் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான்.

குரல்தான் சரியில்லை. அந்த ஊர் ஆள்கள் பேசுவது எந்த மொழியும் இல்லை, பால்குடிப் பிள்ளை உளறுகிற மாதிரி. ஆனால் நம் சொந்தக் குரலைப் பதிந்து உள்ளே வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். அங்கேதான் நான் வருகிறேன்.

டெல்வின் போனில் அவன் அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் நிறைய இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். பாஸ்கல் மாமா குரலில் ஒரு விஷயம் உண்டு. இன்ஜின் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பழகிய ஆள், வீட்டாரிடம் பேசும்போது சத்தத்தைக் குறைக்கப் பார்ப்பார். குறைக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பேச்சும் பெரிதாக ஆரம்பித்து, கடைசியில் மெதுவாகக் கீழே உட்கார்ந்துவிடும். "ஏல மக்கா... சாப்ட்டியா." இப்படி. கேட்டீர்களா, அந்த 'சாப்ட்டியா' உட்காருவதை? அது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது.

உள்ளே ஏற்றி முதல் தடவை ஓட்டினோம். சாயங்காலம் ஆனது, பாஸ்கல் கதவைத் திறந்து வந்தார், "ஏல மக்கா, சாப்ட்டியா" என்றார். டெல்வின் திரையைப் பார்த்து, "சாப்ட்டேம்பா" என்கிறான். நான் தரையில் உருண்டு சிரித்தேன். அவன் தலையணையால் அடித்தான்.

போன வருஷம் நிஜக் கப்பலில் என்னமோ தகராறு. முதலாளி சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டான், எங்கேயோ அரபு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள், ஆள்களை இறங்கவும் விடவில்லை என்றார்கள். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாசம் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. டெல்வின் அம்மா ஜெசிந்தா அத்தையும், பக்கத்துத் தெரு ரோசிலின் அக்காவும் திங்கள்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ரோசிலின் அக்கா வீட்டுக்காரர் சேவியரும் அதே கப்பல்தான். அவர்கள் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், டெல்வின் கேம் ஆடிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆனால் அவன் வீட்டில் மட்டும் பாஸ்கல் கதவைத் திறந்துகொண்டு வருவார்.

அப்போதுதான் பாகம் நான்கு வந்தது.

விளம்பரம் கேட்டீர்களா? "இனி உங்கள் ஊரில் யாருக்கும் வயதாகாது. இனி யாரும் யாரையும் பிரிய மாட்டார்கள்." என்ன குழைவு பாருங்க, வெண்ணெயில் வழுக்குகிற குரல். வீடெல்லாம் போய்விட்டது. குடும்பம் போய்விட்டது. ஒரே ஒரு பெரிய சதுக்கம், அதில் உலகத்தில் உள்ள எல்லாரும் நிற்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே வயசு, ஆடலாம், சட்டை வாங்கலாம், மறுபடி ஆடலாம். சாவு கிடையாது. சொந்தக் குரல் கிடையாது. பழைய பாகங்களும் அப்டேட் ஆகி அதற்குள்ளேயே போய்விடும். நம் பழைய ஆள்களை அவர்களே 'புதுப்பித்து'த் தருவார்களாம்.

டெல்வின் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சதுக்கத்தில் ஒரு பையன் நின்றான். மீசை இல்லை, காதில் ஆரஞ்சுக் கலர் ஹெட்போன், கையில் குளிர்பானம். தலைக்கு மேல் 'பாஸ்கல்' என்று எழுதியிருந்தது. டெல்வின் அவனைத் தொட்டான். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆட ஆரம்பித்தான். டெல்வின் அந்தச் சதுக்கத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு கடையாக நுழைந்து பார்த்தான். சாமான் அறைக்குள் எல்லாம் போய்ப் பார்த்தான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எங்களுக்குத் தமிழ்நாடு முழுக்க ஆள் உள்ள ஒரு குரூப் உண்டு. அன்றைக்கு அது எரிந்தது அண்ணாச்சி. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர், "ஏனுங், நாலு தலமொறையா வளத்த குடும்பமுங், ஒரே ராத்திரில எல்லாத்தையும் டான்ஸ் ஆட உட்டுப்போட்டானுங்க." மதுரைக்காரர், "இந்தா பாருங்கண்ணே, எம் பொண்டாட்டி அங்கிட்டு ஒருத்தன் கூட நின்னு கூல்டிரிங்ஸ் குடிச்சுக்கிட்டு இருக்காண்ணே, என்னை யாருன்னே தெரியலண்ணே." கேமில் உள்ள பொண்டாட்டி, நிஜத்தில் அவருக்கு இன்னும் ஆகவில்லை. சென்னைக்காரன், "இன்னாபா இது, சாவே இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்குபா வாழ்றது?" எல்லாரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு மனு போட்டார்கள். பதில் வந்தது. உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம் என்று. அவ்வளவுதான். ஆளாளுக்குப் புலம்பினார்களே தவிர உருப்படியாக ஒரு காரியம் செய்தது நான் ஒருத்தன்தான்.

எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம். கேமில் யாராவது செத்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து குரூப்பில் போடுவோம். நம் ஊர்ச் சுவரில் ஒட்டுகிற மாதிரியே. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் வட்டத்துக்குள் படம், கீழே மாமன் மச்சான் வரிசை. மதுரைக்காரருடைய கேம் மூத்த மகன் இடி விழுந்து செத்தபோது நான் செய்த போஸ்டரைப் பார்த்து அவர் நிஜமாகவே அழுதார். அப்பேர்ப்பட்ட வழக்கம். இப்போது மொத்த ஊரும் செத்துவிட்டது. நான் சொன்னேன், இதற்குப் படம் பத்தாது, பேப்பரில் அடித்து, பசை தடவிச் சுவரிலேயே ஒட்டிவிடுவோம், அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்காரன் மூஞ்சிக்கு அனுப்புவோம். குரூப் முழுக்கக் கைதட்டல்.

எங்க சித்தப்பா மகன் அச்சாபீசில் வேலை செய்கிறான். போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டும் என்றான். அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தும், பார்த்தவுடன் மனசைப் பிடிக்கிற முகம் ஒன்றுதான். டெல்வின் செய்த பாஸ்கல். கறுப்பு வெள்ளையில் அடித்து வெளியே எடுத்தால், கேம் என்றே சொல்ல முடியாது, ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்த படம் மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'கண்ணீர் அஞ்சலி. திரு. பாஸ்கல் அவர்கள். தோற்றம்: பாகம் ஒன்று. மறைவு: பாகம் நான்கு. உன்னைக் கொன்றவன் காலன் அல்ல, கம்பெனிக்காரன்.' கடைசி வரி நான் எழுதியது.

டெல்வினிடம் சொல்லவில்லை. அவன் அந்த அப்டேட் வந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது சுவரில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை. விடியக் கருக்கலில் பஸ் ஸ்டாப்பில் ஒன்று, மீன் சந்தையில் ஒன்று, கோயில் காம்பவுண்டில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போனேன்.

நம் ஆள்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எதை அண்ணாச்சி படிக்கிறார்கள்? படத்தைப் பார்ப்பார்கள், பேரைப் பார்ப்பார்கள், "ஐயோ" என்பார்கள், மாலை வாங்கப் போய்விடுவார்கள். பாகம் ஒன்று, பாகம் நான்கு என்று போட்டிருக்கிறதே, மனுசன் எந்தப் பாகத்தில் பிறப்பான் என்று ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டாமா? "கப்பல்லேர்ந்து சாவுத் தாக்கல் வந்துட்டு போல" என்று ஒருத்தர் சொன்னார். அவ்வளவுதான். கோயிலில் துக்க மணி அடித்துவிட்டார்கள்.

ஜெசிந்தா அத்தை இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறவர்கள். வேனுக்காக பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்கள். சுவரைப் பார்த்தார்கள். அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. நான் போகும்போது அவர்களை வீட்டில் கொண்டுவந்து கிடத்தி, வெள்ளைச் சேலை சுற்றியிருந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் வெள்ளைச் சேலை எங்கிருந்து கிடைத்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பெஞ்சு வந்துவிட்டது. சாமியானா போடுகிறவர் கூப்பிடாமலே கம்போடு வந்து நின்றார்.

டெல்வின் ஓடிவந்தான், கையில் கிழித்த போஸ்டர். "எம்மா, அது கேம்மா. கேம்ல உள்ள அப்பாம்மா." பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "கேம்லயா செத்தாரு? அது எந்த நாட்டுலய்யா இருக்கு?" என்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. நம்புங்க.

அத்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டெல்வின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, ஒங்கப்பா உசுரோட இருக்காருன்னா பேசச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லு. இந்தச் சேலைய அவுத்து எறிஞ்சிருதேன்" என்றார்கள். டெல்வின் எல்லார் முன்னாலும் அப்பா நம்பருக்குப் போட்டான். ஸ்பீக்கரில் அந்தப் பொம்பளைக் குரல், "நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது." மறுபடி போட்டான். மறுபடி அதே குரல். கூட்டத்தில் ஒருத்தி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

நான் என்ன செய்ய? சொல்லுங்க. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவுக்குப் போனேன். போனில் ஒரு ஆப் இருக்கிறது, அதில் கூப்பிட்டால் ஏதோ வெளிநாட்டிலிருந்து வருகிற மாதிரி நீளமாக ஒரு நம்பர் விழும். கூப்பிட்டேன். உள்ளே மணி அடித்தது, எனக்குக் கேட்டது. "ஜெசிந்தா. நான்தான்டி. எதுக்கு அழுத? எவனோ கிறுக்குப்பய ஒட்டுனதுக்கு அழுவியா? நான் நல்லாத்தான் இருக்கேன்." ஒப்பாரி நின்றுவிட்டது. பிறகு சேர்த்துவைத்து எழும்பியது ஒரு சத்தம், அப்பப்பா. "ஏல மக்கா, சாப்ட்டியா" என்று முடித்தேன். அத்தை, "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்பிடுங்க, வேறொண்ணும் வேண்டாம், சத்தம் மட்டும் காட்டுங்க" என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வெள்ளைச் சேலையை அவிழ்த்துக் கொல்லையில் எறிந்தார்கள். சாமியானாக்காரர் முனகிக்கொண்டே கம்பைப் பிடுங்கினார். ஒரு சாவு வீட்டை நின்ற இடத்திலிருந்து கலைத்திருக்கிறேன் அண்ணாச்சி. எந்த மிமிக்ரிக்காரன் செய்திருக்கிறான்? மேடையில் எல்லாம் நடிகர் குரலில் பேசிக் கைதட்டு வாங்குகிறானே, அவனைச் செய்யச் சொல்லுங்க பார்ப்போம்.

டெல்வினுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்தச் 'சாப்ட்டியா'வை அவன் எத்தனை தடவை கேட்டிருக்கிறான். தொட்டிக்குப் பின்னால் வந்து என்னை அடித்தான். சத்தம் வராமல் அடித்தான், நானும் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டேன். பிறகு தரையில் உட்கார்ந்தான். அடுக்களைப் பக்கம் பார்த்தபடி, "அம்மா எந்திச்சி சோறு வடிக்காவல" என்றான்.

போஸ்டர் ஒட்டினவன் நான் என்று ஊருக்குத் தெரியும். போன் பேசினவன் நான் என்று தெரியாது. அதனால்தான் கதவைச் சாத்துகிறார்கள். முழுசாகத் தெரிந்தால் மாலை போடுவார்கள்.

அன்றையிலிருந்து ஞாயிறு தோறும் நாலு மணிக்கு நான் பாஸ்கல். அடுத்த வாரம் எங்கள் மொட்டை மாடியில் நின்று பேசினேன், பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டது. நடுக்கடலில் ஏது சேவல்? ரேடியோவில் நாடகம் என்று சமாளித்தேன். அதற்குப் பிறகுதான் இந்த பஸ். இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் அசல் கப்பல். திருநெல்வேலி போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவேன். வீட்டில் டியூஷன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கொடுக்கிற பாஸ்கல் மாமா மாதிரி ஒரு புருஷன் எந்த வீட்டிலும் கிடையாது. காய்ச்சல் வராது. கோபம் வராது. கப்பலில் அரிசி இருக்கிறது, மீன் இருக்கிறது, மழை பெய்தால் பாட்டு. எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன். போன வாரம் இருந்த மாதிரியே இந்த வாரமும் இருப்பார், அடுத்த வாரமும் அப்படியே இருப்பார். அத்தைக்கு அது போதும். முகத்தில் சதை போட்டுவிட்டது.

திங்கள்கிழமை அலைச்சலும் நின்றுவிட்டது. மனு வாங்குகிற இடத்தில், "அதான் வாராவாரம் பேசுதாரே, நல்லா இருக்கேங்காரே, அப்புறம் எதுக்கும்மா மனு?" என்று கேட்டார்களாம். நியாயம்தானே? ரோசிலின் அக்கா மட்டும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு ஆளையும் ஒருநாள் பேசச் சொல்லுங்கண்ணே" என்று அத்தை போனைப் பிடுங்கி அழுதது. சேவியர் மாமா குரல் என்னிடம் இல்லை, அவர் பேசி நான் கேட்டதே கிடையாது. தெரியாத குரலைச் செய்ய மாட்டேன், எனக்கு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. "இங்கதான்மா, பக்கத்துலதான் தூங்குதான், எழுப்பவா?" என்றேன். "வேண்டாம்ணே, தூங்கட்டும்" என்றது. இப்போது அதுவும் மனு கொடுக்கப் போவதில்லை. சேவியர் மாமா ஒவ்வொரு ஞாயிறும் தூங்குகிறார்.

டெல்வின்தான் புரியாத ஆள். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் என்னோடு பேச மாட்டான். பெஞ்சு மாறிவிட்டான். நான் வருகிறது தெரிந்தால் எழுந்து போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் நான் கேட்கிறதுக்கெல்லாம், "சரிப்பா", "படிக்கேம்பா" என்பான். என்னை அப்பா என்கிறான் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்.

போன வாரம் அந்தக் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. அடுத்த அப்டேட்டில் வயசாகிறதையும் சாவையும் திரும்பக் கொண்டுவருகிறார்களாம். பழைய ஆள்கள் மட்டும் வர மாட்டார்களாம், அது அழித்தது அழித்ததுதானாம். டெல்வினுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், அவ்வளவுதான். இந்தப் புத்தி முதலிலேயே இருந்திருந்தால் இவ்வளவு வேலை எனக்கு உண்டா? பாஸ்கலை நரைத்த தலையோடு அந்த வீட்டில் விட்டிருந்தால் நான் ஏன் போஸ்டர் ஒட்டப்போகிறேன்?

ஆனாலும் நான் பொறுப்பாகத்தான் செய்கிறேன். இப்போது செய்தியில் போடுகிறான் பாருங்க, குரலைத் திருடி வீட்டுக்காரர் மாதிரியே பேசி ஏமாற்றுகிறார்கள் என்று. அத்தை பயந்து கேட்டார்கள். நான் பாஸ்கல் மாமாவாகவே சொல்லிக்கொடுத்தேன், "ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பேசுறவன்தான் நான். மத்த நாள்ல எவனாவது என் குரல்ல பேசுனா நம்பாத. அழுவான், கெஞ்சுவான். கட் பண்ணி, அந்த நம்பர பிளாக் பண்ணிரு." எப்படிச் செய்வது என்றும் ஒவ்வொரு பட்டனாகச் சொன்னேன்.

இருங்க, நாலு ஆகப்போகிறது. நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். கண்டக்டர் விசில் ஊதாமல் இருக்க வேண்டும்.

"ஹலோ. ஜெசிந்தா, நான்தான். ஆங், இன்ஜின் பக்கத்துல நிக்கேன், அதான் எரைச்சல். சாப்ட்டேன், சாப்ட்டேன். மீனுதான். நீ சாப்ட்டியா? எங்க மக்கா? ஏல மக்கா, படிக்கியா? ம். ம். என்ன? எப்போ? புதங்கெழமையா? யாரு? ம். அப்புறம்? நீ என்ன சொன்ன? ஓகோ. பிளாக் பண்ணிட்டியா? இல்ல, இல்ல, நீ செஞ்சதுதான் சரி. சரியாத்தான் செஞ்ச. நான் சொன்னேம்லா. ஏல மக்கா, நீ எதுக்கு எடையில... ஜெசிந்தா, அவன் என்னமோ... ஹலோ?"

வைத்துவிட்டேன்.

கூத்தைக் கேளுங்க அண்ணாச்சி. புதன்கிழமை மத்தியானம் எவனோ ஒருத்தன் அத்தைக்குப் போன் போட்டு பாஸ்கல் என்று பேசியிருக்கிறான். எனக்குப் போட்டியாக. அதுவும் எவ்வளவு மட்டமான வேலை என்றால், அத்தை சொன்னார்கள், பேசப் பேச இருமினானாம். குரலே வரவில்லையாம், காத்துதான் வந்ததாம். எடுத்த வார்த்தையைப் பாதியிலேயே விட்டுவிடுகிறானாம். பாஸ்கல் மாமா பேச்சைப் பாதியில் விடுகிற ஆளா? அது கீழே வந்து உட்கார வேண்டாமா? "ஜெசி, யாரோ குடுத்த போன்லேர்ந்து பேசுதேன், ஏழு மாசமா போன் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல, சேவியர் செத்துட்டான், ரோசிலின்ட்ட நீதான் சொல்லணும், மனு குடுத்தியளா இல்லியா" என்றானாம். அத்தை விட்டார்களாம் ஒரு வார்த்தை. "நாசமாப் போவான், எங்க வீட்டுக்காரர் போன ஞாயித்துக்கெழமதான் பேசுனாரு, உசுரோட தூங்குற மனுசனச் செத்துட்டான்னு சொல்லுதியே, ஒன் நாக்கு அழுகிரும்" என்று. அவன் அழுதானாம். நான் சொன்ன மாதிரியே அழுதான் என்றார்கள். கட் பண்ணி, பிளாக் பண்ணி, நம்பரையும் அழித்துவிட்டார்களாம். "நான் செஞ்சது சரிதானங்க?" என்று கேட்டார்கள். குரலில் என்ன ஒரு பெருமை தெரியுமா.

கோயம்புத்தூர்க்காரனாக இருக்கும். குரூப்பில் அவனுக்குத்தான் என் மேல் பொறாமை. சேவியர் மாமா பேர் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எப்போதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க வேண்டும். ரோசிலின் அக்கா பேரும் சொல்லியிருப்பேனாக இருக்கும்.

ஆனால் அந்த டெல்வின் செய்ததைக் கேளுங்க. அவனுக்கும் இது இப்போதுதான் தெரியும் போல, அத்தை என்னிடம் சொல்லலாம் என்று ஞாயிறு வரைக்கும் வைத்திருந்திருக்கிறார்கள். நான் "சரியாத்தான் செஞ்ச" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பின்னால் என்னமோ விழுந்து உடைகிற சத்தம், "எந்த நம்பரும்மா, எந்த நம்பரு, எங்க அது" என்று கத்துகிறான். பிறகு போன் பக்கத்தில் வந்து, அம்மா கேட்க, ஸ்பீக்கரில், "லாய்ட்டன், வைல போன" என்றான். என் பேரைச் சொல்லிவிட்டான் அண்ணாச்சி. நான் பாஸ்கலாகப் பேசிக்கொண்டிருக்கும்போது.

அத்தை, "லாய்ட்டனா? அவன் எங்கய்யா இதுல?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள், போனைப் பார்த்து. "ஏங்க, லாய்ட்டன் யாருங்க அங்க?"

நான் வாயைத் திறந்தேன். எந்தக் குரலும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் வரவில்லை, பாஸ்கல் வரவில்லை. கட் பண்ணிவிட்டேன்.

பாருங்க, அடிக்கிறது. என் சொந்த நம்பருக்கே அடிக்கிறது. அத்தை போனிலிருந்துதான். பேசுவது டெல்வினா அத்தையா தெரியாது. நிற்கிறது, மறுபடி அடிக்கிறது, பின்னால் போன அந்தப் பச்சைச் சேலை அம்மா கூட எட்டிப் பார்க்கிறார்கள்.

அண்ணாச்சி, இந்தாங்க, நீங்க எடுத்துப் பேசுங்க. ராங் நம்பர் என்று மட்டும் சொன்னால் போதும். உங்கள் குரல் அவர்களுக்குத் தெரியாது.